ஜன்னலோரத்தில் ஒரு கறுப்புப் பூனை: வீட்டுக்குள் படமெடுத்த அனுபவம்

கையில் இருந்தது ஒரு ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார் கொண்ட, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். எதிரே மிளகு, எங்கள் வீட்டுக் கறுப்புப் பூனை. கைப்பேசியில் அவளைப் படமெடுத்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வடிவமும் இரண்டு மஞ்சள் புள்ளிகளும்தான் வரும். மீசை, நெற்றி ரோமம், காது மடல் எல்லாம் தனித்தனியாகத் தெரிகிற ஒரு படம் வேண்டும், அதுவும் வீட்டுக்குள்ளேயே, ஃபிளாஷ் இல்லாமல் என்று ஆசை. கேமரா வாங்கியதே அதற்காகத்தான். படமெடுக்கப் புதிதாகக் கற்றுக்கொள்கிற, வீட்டில் பூனை வளர்க்கிற யாருக்காவது பயன்படட்டும் என்று செய்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் கேமராவை ஆட்டோவில் வைத்து, ஹாலின் நடுவே அவள் நடந்தபோதும் உட்கார்ந்தபோதும் எடுத்தேன். பெரும்பாலானவை கலங்கலாக வந்தன. படத்தோடு சேர்ந்து பதிவாகும் விவரங்களைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கிறது: ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/30 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை) எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 1600. எஃப் எண் குறையக் குறைய துளை பெரிதாகும். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் அப்பர்ச்சர் அதற்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் புள்ளிகள் (நாய்ஸ்) எழும்பும், அதனால் அதை ரொம்பவும் ஏற்றக் கேமராவுக்கு மனமில்லை. மிச்சம் இருப்பது ஷட்டர் வேகம், அதை இறக்கிவிடுகிறது. 1/30 நொடி சுவருக்குப் போதும், பூனைக்குப் போதாது. சும்மா உட்கார்ந்திருக்கும் பூனைகூட காதைத் திருப்பும், தலையைச் சாய்க்கும், மூக்கை உறிஞ்சும். லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு என் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். பூனை அசைவதற்கு அது ஒன்றும் செய்யாது.

ஷட்டர் வேகத்தை நானே வைப்பது என்று முடிவு செய்தேன். கொஞ்ச நாளில் எண்கள் பிடிபட்டன. தூங்கும்போதும், கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும்போதும் 1/125 போதும். விழித்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போது 1/250. விளையாட்டுக்கு 1/500-க்குக் கீழே இறங்கக் கூடாது, தாவலுக்கு 1/1000.

வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் எங்கிருந்து வரும்? இதுதான் முழு வேலையின் மையம். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தானாகவே பழகிக்கொள்வதால், வீட்டுக்குள் எந்த இடம் எவ்வளவு இருட்டு என்பது நமக்கு உறைப்பதே இல்லை. அதனால் கேமராவையே அளவுகோலாக்கினேன். ஷட்டர் 1/250, அப்பர்ச்சர் எஃப் 5.6 என்று பூட்டிவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டேன். ஒரு சாம்பல் நிறத் துண்டை மிளகு வழக்கமாக உட்காரும் இடங்களில் எல்லாம் விரித்து, அது சட்டகம் முழுக்க நிறையும்படி குறிவைத்து, கேமரா காட்டிய ஐஎஸ்ஓ எண்ணைக் குறித்துக்கொண்டேன். காலை வெளிச்சத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் 2000. அதே அறையில் இரண்டரை மீட்டர் உள்ளே தள்ளி, சோபாவில் 12800. நடையில் 25600 போட்டும் இருட்டு. இரவில் எல்லா விளக்கையும் போட்ட பிறகும் சோபாவில் அதே 12800-ஐ ஒட்டித்தான். ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நாலு எட்டு தூரம்கூட இல்லை, ஆனால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது.

இந்த எண்களைப் பார்த்த பிறகு பூனையின் பின்னால் கேமராவோடு அலைவதை நிறுத்திவிட்டேன். வெளிச்சம் இருக்கும் ஒரு மூலையைத் தயார் செய்துவிட்டு, அவளாக அங்கே வரட்டும் என்று விடுவதுதான் வழி. பூனையைத் தூக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் உட்கார வைத்தால் அது அடுத்த நொடியே இறங்கிப் போகும். இறங்காவிட்டாலும் காது பின்னால் போய், உடம்பு விறைத்து, படத்தில் ஒரு பயந்த பூனைதான் இருக்கும்.

மிளகுக்குப் பிடித்த இடம் ஜன்னல் விளிம்பு. ஆனால் அங்கே அவள் உட்கார்ந்தால் வெளிச்சம் முழுக்க அவளுக்குப் பின்னால். உள்ளே இருந்து எடுத்தால் நிழலுருவம்தான் வரும். அதனால் ஜன்னலிலிருந்து ஒரு கை தூரத்தில், பக்கவாட்டாக, விளிம்பின் உயரத்துக்கே அவள் உட்கார ஒரு முக்காலி போட்டேன். உயரம் முக்கியம். தரையில் விரித்த துணியைவிட, உயரமாக, வெளியே பார்வை போகிற இடத்தைப் பூனை தானே தேர்ந்தெடுக்கும். மேலே அவள் படுத்துப் படுத்து அவள் வாசனை ஏறிய போர்வை. துவைத்த போர்வையை அவள் சீந்தவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முக்காலி ஆடாமல் நிற்கிறதா, ஜன்னலில் கம்பியோ வலையோ உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தாவி ஏறும் வேகத்தில் எதுவும் நடக்கலாம்.

பின்னணியில் இருந்தது கரும்பழுப்பு அலமாரி. கறுப்புப் பூனை அதில் கரைந்துபோகும். அலமாரியை மறைத்து மங்கலான கடுகு நிறத்தில் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டேன், முக்காலிக்கு இரண்டு மீட்டர் பின்னால். தூரம் கூடக் கூட பின்னணியின் மடிப்புகள் மங்கி வெறும் நிறமாகிவிடும். வெள்ளைச் சுவர் இருந்தால் இன்னும் எளிதே என்று தோன்றும். ஆனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் கேமரா திணறும், ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். நடுத்தரமான நிறமே நல்லது.

அடுத்து லென்ஸ். ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கைக்கு வந்தது. எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் இடையே வெளிச்சம் ஏறத்தாழ பத்து மடங்கு. ஜன்னலோரத்தில் 2000 கேட்ட ஐஎஸ்ஓ 200-க்கு வந்து நின்றது. படத்தில் புள்ளிகள் காணாமல் போயின. சரி, வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் அடுத்த சிக்கல். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எஃப் 1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 3 செ.மீ.க்கும் குறைவு. பூனையின் கண் தெளிவாக இருந்தால் மூக்கு மங்கும். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு கண் தெளிவு, இன்னொன்று கலங்கல். எஃப் 2.8-க்கு வந்தால் ஆழம் 4 செ.மீ. சுற்றிக் கிடைக்கிறது, எஃப் 4-இல் 6 செ.மீ.யை ஒட்டி. நான் எஃப் 2.8-இல் நிலைத்துவிட்டேன். 1/250, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 500. கண்ணும் மூக்கும் சேர்ந்து கிடைக்கின்றன, காதின் நுனி மெல்ல மங்குகிறது, அது அழகாகவே இருக்கிறது. புதிதாக இந்த லென்ஸ் வாங்குகிறவர்கள் 1.8-இலேயே எல்லாவற்றையும் எடுக்கப் பார்ப்பார்கள். பூனை முகத்துக்கு அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

இனி கறுப்பு ரோமம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதிக நேரம் எடுத்ததும் இதுதான்.

கேமராவின் வெளிச்சமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். கறுப்புப் பூனை சட்டகத்தை நிறைத்தால், இது ரொம்ப இருட்டு என்று படத்தை வெளுக்க வைக்கும். கறுப்பு ரோமம் சாயம் போன சாம்பல் பழுப்பாகும், பின்னணி வெளிறும். அதனால் கேமரா போட்ட கணக்கைவிடப் படத்தை இருட்டாக்கவோ வெளுக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7-க்கும் மைனஸ் 1-க்கும் இடையில் வைக்கிறேன். வெள்ளைப் பூனைக்கு இதுவே தலைகீழ், பிளஸ் பக்கம் போக வேண்டும். இதை மனப்பாட விதியாக வைத்துக்கொள்ள முடியாது. மிளகு சட்டகத்தில் சின்னதாக, சுற்றிலும் வெளிர் சுவராக இருந்தால், கேமரா சுவரைப் பார்த்து ஏமாந்து அவளை மேலும் இருட்டாக்கும். அப்போது மைனஸ் வைத்தால் ஒன்றுமே மிஞ்சாது. எடுத்தவுடன் ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்ப்பதுதான் ஒரே வழி: மேடு இடது பக்கம் இருக்க வேண்டும், ஆனால் இடது சுவரில் மோதி நிற்கக் கூடாது.

கறுப்பு சரியான கறுப்பாக வந்த பிறகும் ரோமம் தெரியவில்லை. இங்கேதான் ஒரு விஷயம் புரிந்தது. கறுப்பு ரோமம் தன்மீது விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. நம் கண்ணுக்கு அதன் இழை தெரிவதெல்லாம் மேலே ஓடும் மினுமினுப்பால்தான். அந்த மினுமினுப்பு வெளிச்சம் வரும் திசையைப் பொறுத்தது. ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தால், ரோமத்தில் பட்ட வெளிச்சம் கேமராவுக்கு மினுப்பாகத் திரும்பி வருவது குறைவு, பூனை தட்டையான கறுப்பாகிவிடுகிறது. ஜன்னல் பூனைக்குப் பக்கவாட்டில், இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் பின்வாட்டில் இருந்தால், நெற்றியிலும் தோளிலும் முதுகிலும் ஒவ்வொரு இழையாக மினுங்கத் தொடங்குகிறது. முக்காலியை ஒரு சாண் முன்னே நகர்த்தியதில் முழுப் படமும் மாறிவிட்டது. அதே வெளிச்சம்தான், அதே எண்கள்தான். கோணம் மட்டும்தான் வேறு.

பூனைப் படங்களால் பெயர் பெற்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் வால்டர் சாண்டோஹா, 1949-இல் நியூயார்க்கில் பனியில் கிடந்த ஒரு குட்டியை வீட்டுக்கு எடுத்து வந்ததில் தொடங்கி, 2019-இல் இறக்கும்வரை பூனைகளையே எடுத்தவர். அவருடைய பல படங்களில் பின்னாலிருந்து வரும் ஒளி ரோமத்தின் விளிம்பைக் கோடு போட்டதுபோல் காட்டும். முக்காலியை நகர்த்திய பிறகுதான் அந்தப் படங்கள் என்ன செய்திருக்கின்றன என்று எனக்குப் பிடிபட்டது.

பக்கவாட்டு வெளிச்சத்தால் முகத்தின் மறு பாதி இருட்டில் போகும். அதற்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. முக்காலிக்கு மறுபுறம், சட்டகத்துக்குள் வராமல் முடிந்த அளவு நெருக்கமாக நிறுத்தினால், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து இருட்டுக் கன்னத்திலும் ஒரு மினுப்பைத் தரும். அரை மீட்டருக்கு அப்பால் போனால் பலன் சட்டென்று குறைந்துவிடுகிறது. தெர்மாகோலைக் கடித்துத் துகள் தின்னும் பூனையாக இருந்தால் வெள்ளை சார்ட் அட்டை ஒட்டிய பலகை பாதுகாப்பு. மிளகு கடிக்கிறாள், அதனால் இப்போது அட்டைதான்.

வெளிச்சத்தின் தன்மை கண்ணிலும் தெரியும். நேர்வெயில் ஜன்னலில் விழும் நேரத்தில் பூனையின் கண்மணி ஒரு கோடாகச் சுருங்கிவிடும், பார்வையே கடுமையாகத் தோன்றும். இருட்டில் கண்மணி விரிந்து, கண்ணின் நிறமே மறைந்து கறுப்பு வட்டமாகிவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு நிலை இருக்கிறது: கண்மணி நீள்வட்டமாக, சுற்றிலும் அந்தத் தேன் மஞ்சள் முழுசாகத் தெரியும். மெல்லிய வெள்ளைத் திரையை ஜன்னலில் இழுத்துவிட்டதும் அந்த நிலை கிடைத்தது. திரை வெயிலைப் பரப்பி முழு ஜன்னலையுமே ஒரு பெரிய வெள்ளை விளக்காக மாற்றுகிறது. கண்ணுக்குள் ஜன்னலின் பிம்பம் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டாக விழுகிறது. அந்தப் பொட்டு இல்லாத படத்தில் பூனை உயிரோட்டமாகத் தெரிவதில்லை. அது விழவில்லை என்றால் அவள் முகம் ஜன்னலை விட்டு அதிகம் திரும்பிவிட்டது என்று பொருள், காத்திருப்பேன்.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். பகலில் விளக்கு எரிந்தால் கூடுதல் வெளிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் நீலச் சாயல், மஞ்சள் பல்பு ஆரஞ்சுச் சாயல். இரண்டும் கலந்தால் பூனையின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. ஒயிட் பேலன்ஸை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) எந்தப் பக்கம் திருத்தினாலும் மறுபக்கம் கெடும். கறுப்பு ரோமத்தில் இந்த நிறக்கலப்பு பளிச்சென்று தெரிகிறது.

விளக்கை அணைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஷட்டர் சத்தம் கேட்டால் மிளகின் காது திரும்பிவிடும். அதனால் சத்தமில்லாத மின்னணு ஷட்டருக்கு மாறினேன். விளக்கு வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் வந்தன. மின்னணு ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஒரு வரி படிக்கும்போது விளக்கு பிரகாசம், அடுத்த சில வரிகளுக்கு மங்கல், அதுதான் பட்டை. விளக்கு தேவைப்பட்டால் இயந்திர ஷட்டரும் 1/100 அல்லது 1/50-ம் வைத்தால் பட்டை அடங்குகிறது, ஆனால் அந்த வேகம் தூங்கும் பூனைக்குத்தான் ஆகும். ஜன்னல் வெளிச்சத்தில் இந்தத் தொல்லை கிடையாது.

ஃபோகஸ் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 2019 முதல் வந்த பல மிரர்லெஸ் கேமராக்களில் விலங்குகளின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது, இருந்தால் தொடர் ஃபோகஸோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். கறுப்புப் பூனை கண்ணை மூடினால் அது தொலைத்துவிடும். அப்போது ஒற்றைப் புள்ளியைச் சிறிதாக்கி, கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணில் வைப்பேன். புள்ளி பெரிதாக இருந்தால் மூக்கையோ மீசையையோ பிடித்துக்கொள்கிறது.

பூனையோடு பழகும் பக்கத்துக்கு வருகிறேன். கேமராவை முதலில் லென்ஸ் மூடியோடு தரையில் விட்டு வைத்தேன். அவள் வந்து முகர்ந்தாள், கன்னத்தைத் தேய்த்தாள், போய்விட்டாள். பல நாட்கள் அப்படியே கிடந்த பிறகு அதுவும் வீட்டுப் பொருட்களில் ஒன்றாகிவிட்டது. பெரிய கண்ணாடி வட்டம் ஒன்று தன்னையே நேராகப் பார்ப்பது பூனைக்கு உவப்பான விஷயமல்ல, அதனால் இந்தப் பழக்கம் ஏற்பட நேரம் கொடுத்தே ஆக வேண்டும். அவள் என்னைப் பார்க்கும்போது மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பேன், பெரும்பாலும் அவளும் அப்படியே செய்வாள். அதன் பிறகு தோள் தளர்ந்து, பாதம் உள்ளே மடங்கும். நல்ல படங்கள் அந்தத் தளர்ச்சிக்குப் பிறகுதான் கிடைக்கின்றன.

நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் பெரிய தலை, குட்டி உடம்பு. முக்காலியின் உயரத்துக்குக் கேமராவை இறக்கி, நான் தரையில் உட்கார்ந்து, கேமராவின் திரையை மேல்நோக்கி மடக்கிப் பார்த்து எடுக்கிறேன். கண்ணுக்கு நேராக வந்ததும் படம் பார்ப்பவர் பூனையின் உலகத்துக்குள் போய்விடுகிறார். எல்லாக் குறிப்புகளையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

லென்ஸைப் பார்க்க வைக்க, கேமராவுக்குப் பக்கத்தில் காகிதத்தை மெல்லக் கசக்குவேன். காது இரண்டும் முன்னால் வரும், கண் விரியும். இரண்டு மூன்று முறைக்கு மேல் அது வேலை செய்யாது, சத்தத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டுவிடுவாள். அதனால் எல்லாம் தயாரான பிறகுதான் அந்தச் சத்தம். நூல் கட்டிய குச்சியும் நல்லது, ஆனால் படமெடுத்து முடித்ததும் நூலை எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள். பூனை நூலை விழுங்கினால் அது குடலைச் சுருட்டி இழுத்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். லேசர் விளக்கை நான் பயன்படுத்துவதில்லை. கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயமே போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பூனைகள் விடியலிலும் அந்தியிலும் துள்ளும், நடுப்பகலில் தூங்கும். வெளிச்சத்தின் கணக்கு நேரெதிர். இரண்டும் ஒத்துப்போகும் இடைவெளி எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பிட்டதும் பாதத்தை நக்கி முகம் துடைத்து, முதுகு வரை சுத்தம் செய்து முடித்து, தூங்கப் போவதற்கு முன் ஜன்னலுக்கு வெளியே பறவைகளைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். விழிப்பும் அசையாமையும் சேர்ந்து வருவது அப்போதுதான். தாவலை எடுக்க வேண்டுமென்றாலும் அதே மூலைதான்: 1/1000, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 2000, அவள் கடக்கப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ், பர்ஸ்ட் (தொடர்ச்சியாகப் பல படங்கள்). நிறைய கழியும், ஒன்றிரண்டு நிற்கும்.

நேரடி ஃபிளாஷை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் டபீட்டம் லூசிடம் என்ற ஒரு படலம் இருக்கிறது. குறைந்த வெளிச்சத்திலும் பார்ப்பதற்காக, உள்ளே வந்த ஒளியை அது மறுபடி விழித்திரைக்கே திருப்பும். ஃபிளாஷ் அடித்தால் அந்த ஒளி அப்படியே லென்ஸுக்குத் திரும்பி, கண் பச்சை நெருப்பாகத் தெரியும். தலை திரும்பும் தனி ஃபிளாஷ் இருந்தால் வெள்ளைக் கூரையில் அடித்துப் பார்க்கலாம். காது தட்டையானால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

கணினியில் செய்வது கொஞ்சம்தான். ரா ஃபைலாக (சென்சார் பதிவு செய்த முழுத் தகவலோடு) எடுப்பதால் ஒயிட் பேலன்ஸைப் பின்னால் திருத்தலாம், நிழலைக் கால் ஸ்டாப் தூக்கலாம் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்). கறுப்பு ரோமத்தின் நிழலை அதிகம் தூக்கினால் ஊதா நிறப் புள்ளிகள் எழும்பும், அதனால் படமெடுக்கும்போதே அட்டையை நெருக்கி வைப்பது மேல். நாய்ஸ் குறைப்பைப் பாதிக்கு மேல் தள்ளினால் ரோம இழைகள் மெழுகாகிவிடுகின்றன. கொஞ்சம் புள்ளி இருக்கட்டும், இழை இருக்கட்டும்.

இப்போது 1/250, எஃப் 2.8, ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சம் 6400, மைனஸ் 0.7, மின்னணு ஷட்டர், விலங்குக் கண் ஃபோகஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கேமராவின் முதல் தனிப்பயன் முறையில் சேமித்து வைத்திருக்கிறேன். விளையாட்டுக்கான எண்கள் இரண்டாவதில். திரையும் அட்டையும் மூலையிலேயே நிரந்தரமாக இருக்கின்றன. அவள் முக்காலியில் ஏறினால் விளக்கை அணைத்து, டயலை ஒரு சொடுக்கு திருப்பி, தரையில் உட்கார வேண்டியதுதான்.